பல்பு மாத்த பைலட்டுக்கு உரிமை இருக்கா?

செஸ்னா 172-ல் பறக்கப் பழகுகிற ஒருத்தர், அந்த விமானத்தோட ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டலாமா? நம்ம கிளாஸ்ல கேட்டால் பாதிப் பேர் "சான்ஸே இல்ல" என்பார்கள். மீதிப் பேர் "பைக்ல பண்றோமே, இதுல என்ன?" என்பார்கள். அமெரிக்கச் சட்டம் இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவில் ஓர் இடத்தில் போய் நிற்கிறது. பயிற்சி விமானங்களைப் பொறுத்தவரை அது நிற்கிற இடம் தப்பு என்பது என் கட்சி. ஏரோ டிபார்ட்மென்ட் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம், ஒரு ஈக்வேஷன்கூட வராது.

முதல்ல சட்டம். அமெரிக்காவில் ஒரு விமானத்தை யார் ரிப்பேர் பண்ணலாம், பண்ணியதற்கு யார் கையெழுத்துப் போடலாம் என்று சொல்வது எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 43. பொதுவாக அது லைசென்ஸ் வாங்கிய மெக்கானிக்கின் வேலை. ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட் இரண்டுக்கும் சேர்த்து அந்த லைசென்ஸ் வேண்டுமென்றால், அதற்கான ஸ்கூலில் படிக்காதவர்கள் 30 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். விளையாட்டு இல்லை. ஆனால் அதே பார்ட்டில் 43.3 (ஜி) என்று ஒரு குட்டிப் பிரிவு இருக்கு. பைலட் சர்டிஃபிகேட் வைத்திருப்பவர், தனக்குச் சொந்தமான அல்லது தான் இயக்குகிற விமானத்தில் 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்', அதாவது தடுப்புப் பராமரிப்பு வேலைகளைத் தானே செய்யலாம். அந்த விமானம் ஏர்லைனிலோ சார்ட்டர் சேவையிலோ ஓடக் கூடாது, அவ்வளவுதான் பெரிய நிபந்தனை.

என்னென்ன வேலை என்று பின்னிணைப்பில் ஒரு லிஸ்ட் இருக்கு, 30 ஐட்டம் கிட்ட வரும். டயர் கழட்டி மாட்டுவது, வீல் பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, அறுந்த சேஃப்டி வயரையும் காட்டர் பின்னையும் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்து கேப் சரிபார்ப்பது, ஆயில் ஃபில்டர் மாற்றுவது, பேட்டரி, சீட் பெல்ட், லைட் பல்பு. படிக்கும்போது "ஆமா, இதெல்லாம் ஓகே" என்று தலையாட்டிக்கொண்டே வருவோம். திடீரென்று ஒரு வரி: ரெடிமேடாக வருகிற எரிபொருள் குழாயை மாற்றுவது. ஃப்யூவல் லைன்! பிரைவேட் பைலட் ஆவதற்குக் குறைந்தபட்ச வயசு 17. ஆக, பிளஸ் டூ படிக்கிற வயசுப் பையன் ஒருத்தன் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குழாயை மாற்றிவிட்டு அவனே கையெழுத்துப் போடலாம். அதே பையன் பிரேக் பேட் மாற்றலாமா என்று தேடிப் பாருங்கள். லிஸ்ட்டில் இல்லை. இந்த லிஸ்ட்டை எழுதியவர்கள் ஆபத்தை அளந்து எழுதினார்களா, இல்லை கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து எழுதினார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இப்போ பயிற்சி விமானத்துக்கு வருவோம். ஃப்ளைட் ஸ்கூல் என்பது ஏர்லைனும் இல்லை, சார்ட்டரும் இல்லை. அதனால் 43.3 (ஜி) அங்கே தடை போடவில்லை. 'தான் இயக்குகிற விமானம்' என்கிற வார்த்தைக்கு அதே சட்டத்தொகுப்பின் முதல் பகுதி கொடுக்கும் விளக்கம் ரொம்பத் தாராளம். சட்டப்படி உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விமானத்தை ஓட்டுவதே 'இயக்குவது'தான் என்கிற மாதிரி அது எழுதப்பட்டிருக்கு. வார்த்தைக்கு வார்த்தை படித்தால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற மாணவரும் அதற்குள் வந்துவிடுவார்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கு. ஸ்டூடன்ட் பைலட் சர்டிஃபிகேட்டும் ஒரு பைலட் சர்டிஃபிகேட்தான். அதனால் அவர் வேலையைச் செய்யலாம். ஆனால் செய்து முடித்த பிறகு "விமானம் பறக்கத் தயார்" என்று அனுமதி கொடுக்க 43.7 (எஃப்) படி குறைந்தது பிரைவேட் பைலட்டாக இருக்கணும். சமைக்கலாம், பரிமாறக் கூடாது என்கிற மாதிரி. சிரிப்பாகத் தெரிந்தாலும் இந்த ஒரு பிரிவுதான் மொத்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம். கை வேலையும் பொறுப்பும் வேறு வேறு என்று சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு இது சாட்சி. ஏன் பிடித்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் இப்படி இருக்க, ஸ்கூல்களில் என்ன நடக்கிறது? வாடகை ஒப்பந்தத்திலேயே "எதையும் தொடாதே" என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. இன்ஷூரன்ஸ் காரணம் சொல்வார்கள், நியாயமும் இருக்கு. என் பெரியம்மா பையன் அங்கே ஒரு ஸ்கூலில் பிரைவேட் முடித்துவிட்டு கமர்ஷியலுக்குப் பறந்துகொண்டிருக்கிறான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு ராத்திரியில் 2 மணி நேரம், கிளம்பிய இடத்திலிருந்து 100 நாட்டிகல் மைலுக்கு மேல் போய் வருகிற ஒரு பயணம் இன்ஸ்ட்ரக்டரோடு செய்தாக வேண்டும். அதற்காக ஒரு சாயங்காலம் ரெடியாகி, டார்ச் அடித்து விமானத்தைச் சுற்றி வந்தால் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அது இல்லாமல் இருட்டில் பறக்க முடியாது. பல்பு ஹேங்கர் அலமாரியில் இருக்கு. ஸ்க்ரூடிரைவர் இருக்கு. இவன் பிரைவேட் பைலட், பல்பு மாற்றுவது லிஸ்ட்டில் இருக்கு. ஆனால் மெக்கானிக் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டார், ஸ்கூல் விதிப்படி வேறு யாரும் தொடக் கூடாது. ஃப்ளைட் கேன்சல்.

இது வரைக்கும் எனக்குக் கோபமில்லை. ஒரு ராத்திரி போச்சு, அவ்வளவுதானே. அடுத்து அவன் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "டேய், அந்த லைட் முந்தாநாளே எரியல. முன்னாடி ஓட்டினவனுக்குத் தெரியும். எழுதினா பிளேன் நின்னுடும்னு எழுதல. அவனுக்குப் பகல்லதானே ஃப்ளைட்டு."

இதை ஒரு தனிப்பட்ட பையனின் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறையைக் கண்டுபிடிப்பவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடித்தால் விமானம் நிற்கும், அவருடைய ஸ்லாட் போகும், அடுத்தவருடைய ஸ்லாட்டும் போகும், டிஸ்பேட்ச் கவுன்ட்டரில் ஒரு முறைப்பு இலவசம். சரிசெய்யும் உரிமை கிடையாது. கண்டுபிடிப்பதில் நஷ்டம் மட்டும்தான் என்றால், கண் கொஞ்ச நாளில் பார்ப்பதை நிறுத்திவிடும். இதை ஒரு பல்பு விஷயத்தில் கற்றுக்கொண்ட மாணவர், நாளைக்கு மேக்னெட்டோ விஷயத்திலும் அப்படித்தான் நடப்பார்.

மேக்னெட்டோ என்றதும் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும், மெக்கானிக்கல் மக்களுக்குப் பிடிக்கும். செஸ்னா 172-ல் இருக்கிற லைகோமிங் இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் ரெண்டு பிளக், ஆக எட்டு. ரெண்டு மேக்னெட்டோ, ஒன்று போனாலும் இன்னொன்று ஓட்டும். கிளம்புவதற்கு முன்னால் இன்ஜினை 1,700, 1,800 ஆர்.பி.எம். வரைக்கும் ஏற்றி, ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் ஆர்.பி.எம். குறைவது இயல்பு. ரொம்பக் குறைந்தாலோ இன்ஜின் உதறினாலோ, எங்கேயோ ஒரு பிளக் அடைத்திருக்கு. இவர்கள் போடும் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கு, 100எல்எல் என்று பெயர். மாணவர்கள் தரையில் மிக்ஸ்சரை ரிச்சாகவே வைத்து டாக்ஸி பண்ணிப் பண்ணி, ஈயம் பிளக்கில் படிந்துவிடும். அப்போது மிக்ஸ்சரைக் குறைத்துக் கொஞ்ச நேரம் சூடாக ஓடவிட்டால் பெரும்பாலும் எரிந்து போய்விடும். போகாவிட்டால் பிளக்கைக் கழட்டித்தான் ஆகணும்.

ஒரு மாணவர் தன் கையால் அந்த எட்டு பிளக்கையும் ஒரு முறை கழட்டி, கீழ்ப் பிளக்குகளில் குட்டி ஈய உருண்டைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் டாக்ஸி பண்ணும்போது மிக்ஸ்சரைக் குறைப்பார். இன்ஸ்ட்ரக்டர் நூறு தடவை சொல்லியும் ஏறாதது ஒரே நாளில் ஏறிவிடும். நம்ம ஒர்க்‌ஷாப் லேபில் ஃபைலிங் பண்ணி விரல் வீங்கிய பிறகுதானே டாலரன்ஸ் என்றால் என்ன என்று புரிந்தது.

சட்டத்திலேயே ஒரு முரண் இருக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கா என்று முடிவு செய்யும் பொறுப்பு, 91.7 படி, அதை ஓட்டும் பைலட்-இன்-கமாண்டுடையது. தனியாகப் பறக்கும் மாணவர்தான் அந்த நேரத்தில் பைலட்-இன்-கமாண்ட். ஆனால் 172-ல் பறப்பதற்கு முந்திய சோதனையில் இன்ஜின் பக்கம் அவர் பார்ப்பது, கவுலிங்கில் ஆயில் ஊற்ற வைத்திருக்கும் ஒரு சின்னக் கதவு வழியாகத் தெரிவதை மட்டும். பைப்பர் செரோக்கியிலாவது லாட்ச்சைத் திறந்து பக்கவாட்டில் தூக்கிப் பார்க்கலாம். 172-ல் படிப்பு முடிகிறவரை தன் இன்ஜினின் முழு முகத்தைப் பார்க்காமலேயே லைசென்ஸ் வாங்கிவிட முடியும். பொறுப்பு முழுசு, பார்வை அரை ஜாண்.

டயரில் காற்று சரிபார்ப்பது மாதிரி ஒரு சில்லறை வேலையை யார் செய்வது என்கிற கேள்விக்கு எவ்வளவு கனம் இருக்கு என்று காட்ட ஒரு நிஜ விபத்தைச் சொல்கிறேன். இது பயிற்சி விமானம் இல்லை, சார்ட்டர் ஜெட். 2008 செப்டம்பர் 19, சவுத் கரோலினாவின் கொலம்பியா விமான நிலையம். ஒரு லியர்ஜெட் 60 டேக்-ஆஃப் ஓட்டத்தில் இருக்கும்போது டயர்கள் வரிசையாக வெடித்தன. கேப்டன், நிறுத்த முடியாத வேகத்தைத் தாண்டிய பிறகு டேக்-ஆஃபைக் கைவிட்டார். விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடி, ஒரு மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. ரெண்டு பைலட்டுகளும் ரெண்டு பயணிகளும் இறந்துபோனார்கள். இன்னும் ரெண்டு பேர் பலத்த தீக்காயங்களோடு தப்பித்தார்கள். என்.டி.எஸ்.பி. விசாரித்ததில் டயர்களில் காற்று ரொம்பவே கம்மியாக இருந்திருக்கு. அந்த வகை டயரில் நாளைக்குச் சுமார் 2 சதவீதம் காற்று தானாகவே குறையும். சுமார் மூன்று வாரமாக யாரும் அழுத்தம் பார்க்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் தெரியவும் தெரியாது.

இனிமேல்தான் நம்ம விஷயம். விபத்துக்குப் பிறகு, "சரி, பைலட்டே கேஜ் வைத்துக் காற்றுப் பார்த்துவிடலாமே" என்கிற கேள்வி வந்தது. எஃப்.ஏ.ஏ.வின் சட்டப் பிரிவு கொடுத்த விளக்கம்: லியர்ஜெட் 60-ல் டயர் அழுத்தம் பார்ப்பது தடுப்புப் பராமரிப்பு. சார்ட்டர் விமானத்தில் பைலட் தடுப்புப் பராமரிப்பு செய்யக் கூடாது. ஆகவே பைலட் காற்றுப் பார்க்கக் கூடாது! பாதுகாப்புக்கென்று எழுதிய விதி, பாதுகாப்புக்கான மிக எளிய வேலையைத் தடுக்கிறது என்று என்.டி.எஸ்.பி. தன் அறிக்கையில் சொல்ல வேண்டி வந்தது. அந்த விளக்கம்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கம் வந்ததே விபத்துக்கு அப்புறம். காரணம், ஆபரேட்டர் டயர்களைப் பராமரித்த லட்சணமும் கேப்டனின் முடிவும். ஆனால் 'யார் தொடலாம்' என்பதை மட்டுமே கேட்கிற சட்டம், 'யாராவது பார்த்தார்களா' என்பதைக் கோட்டைவிட்டுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போ எதிர்க்கட்சி. அவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் சொல்வது இது. சொந்த விமானம் வைத்திருப்பவர் பிளக்கைத் தப்பாக மாட்டினால், அடுத்த நாள் அதில் பறக்கப் போவது அவரே, கூட அவர் மனைவி குழந்தைகள். அந்தப் பயமே ஒரு இன்ஸ்பெக்டர் மாதிரி. பயிற்சி விமானத்தில் அந்தப் பயம் இல்லை. காலையில் ஒருத்தர் மாட்டுகிறார், மத்தியானம் வேறு ஒருத்தர் முதல் சோலோவுக்குப் போகிறார். அவருக்கு வயசு 16 ஆகக்கூட இருக்கலாம். மாட்டியவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது, ஏனென்றால் இது சரி. நான் 43.3 (ஜி)யைக் குறை சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரே ஒரு சொந்தக்காரர் ஓட்டும் விமானத்துக்கும், ஒரே நாளில் அஞ்சு பேர் மாறி மாறி ஓட்டும் விமானத்துக்கும் அது ஒரே லிஸ்ட்டைக் கொடுக்கிறது. ஃப்யூவல் லைன் உட்பட.

ஆனால் அவர்கள் அதிலிருந்து ஒரு படி தாவி, "ஆகவே மெக்கானிக் மட்டும்தான் தொடணும்" என்கிறார்கள். அந்தத் தாவல்தான் இடிக்கிறது. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குக் கிளம்பிய பி.ஏ.சி. ஒன்-லெவன், 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே தொங்க, ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, கோ-பைலட் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. நம்ப முடியாதவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியைக் கிளம்புவதற்கு முன்தினம் அதிகாலையில்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டம் குறைந்தவை. வித்தியாசம் 0.026 அங்குலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் கத்துக்குட்டி இல்லை. ஷிஃப்ட்டின் பராமரிப்பு மேனேஜர், அனுபவசாலி, லைசென்ஸ் எல்லாம் பக்கா. பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுப் புதுசை எடுத்தார். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்கிற கட்டாயம் அந்த வேலைக்கு இல்லை.

அங்கே லைசென்ஸ் இருந்தது, இரண்டாவது ஜோடிக் கண் இல்லை. என் வாதமே இந்த இடத்தில்தான் நிற்கிறது. பயிற்சி விமானத்தில் 'யார் கை' என்பதைவிட 'எத்தனை கண்' என்பது முக்கியம்.

அப்படியானால் விதி எப்படி இருக்கணும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், எஃப்.ஏ.ஏ. என் பேச்சைக் கேட்டு மாற்றப் போவதில்லை, நாம பேசிக்கொள்வோம்.

பலருடைய கை மாறும் பயிற்சி விமானங்களுக்குத் தனி லிஸ்ட் வேண்டும், இப்போதையதைவிடச் சின்னதாக. ஃப்யூவல் லைன் வேண்டாம், டயர் கழட்டுவது வேண்டாம். பல்பு, பேட்டரி, பிளக், ஆயில் ஃபில்டர், கிரீஸ், கவுலிங் போதும். அந்தச் சின்ன லிஸ்ட்டில் இருப்பதை ஒவ்வொரு மாணவரும் படிப்பின் பகுதியாக மெக்கானிக்கின் கண் முன்னால் செய்தே ஆகணும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 43.3 (டி) ஏற்கெனவே அனுமதிக்கிறது: மெக்கானிக் நேரில் இருந்து, தேவையான அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், லைசென்ஸ் இல்லாதவரும் வேலை செய்யலாம். இத்தனை வருஷமாக அந்தக் கதவு திறந்தே கிடக்கு. ஸ்கூல்கள்தான் உள்ளே போவதில்லை, ஏனென்றால் பைலட் டெஸ்ட்டில் பிளக் மாட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்காததை எந்த ஸ்கூல் சொல்லிக் கொடுக்கும்? செமஸ்டர் சிலபஸில் ஸ்டார் போட்ட யூனிட்டை நாம என்ன பண்றோம்னு நமக்குத் தெரியாதா?

ஒரு வேலையைக் குறிப்பிட்ட தடவை சரியாகச் செய்துவிட்டால் மெக்கானிக் அந்த வேலைக்கு மட்டும் மாணவரின் லாக்புக்கில் கையெழுத்துப் போடட்டும். அதற்கப்புறம் பிரைவேட் பைலட் ஆனவர் தனியாகச் செய்யலாம், ஆனால் விமானம் கிளம்பும் முன் இன்ஸ்ட்ரக்டரோ மெக்கானிக்கோ பார்த்து ரெண்டாவது கையெழுத்துப் போடணும். செய்கிற கையும் அனுமதிக்கிற கையெழுத்தும் வேறு வேறாக இருக்கணும். மேலே 43.7 (எஃப்) எனக்குப் பிடித்தது என்று சொன்னேனே, ஸ்டூடன்ட் பைலட்டுக்கு அந்தப் பிரிவு இந்தப் பிரிப்பைத்தான் செய்கிறது. லைசென்ஸ் வந்ததும் ஏன் அதைக் கைவிடணும்?

அனுமதியைப் பயிற்சியோடு கட்டுவது அவர்களுக்குப் புதுசும் இல்லை. 2004-ல் லைட்-ஸ்போர்ட் விமானங்களுக்கு விதி கொண்டு வந்தபோது, எக்ஸ்பெரிமென்ட்டல் வகையில் சொந்தமாக ஒன்று வைத்திருப்பவர் 16 மணி நேர கோர்ஸ் முடித்தால் அதன் வருடாந்தர ஆய்வையே தானே செய்யலாம் என்று வைத்தார்கள். மணிக்கணக்கு போட்டுப் படிக்க வைத்து உரிமை கொடுப்பது அங்கே முடியும் என்றால், பிளக் விஷயத்தில் முடியாதா?

லாக்புக் பற்றித் தனியாக ஒரு பாரா எழுதாமல் விட முடியாது. 43.9 படி செய்த வேலையின் விவரம், தேதி, கையெழுத்து, சர்டிஃபிகேட் நம்பர், எந்த வகை சர்டிஃபிகேட் என்பதெல்லாம் எழுதணும். பல்பு மாற்றினாலும் எழுதணும். சொந்த விமானக்காரர் எழுத மறந்தால் அவருக்கு நினைவிலாவது இருக்கும். பயிற்சி விமானத்தில் எழுதாத வேலை நடக்காத வேலையைவிட மோசம். ஒரு பையன் "லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்" என்று சொல்லாமல் போகிறான் என்று வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி லூஸ். இன்னொருத்தர் மறுபடி டைட். மெக்கானிக்குக்கு இது ரெண்டும் தெரிந்திருந்தால் "ஏன் திரும்பத் திரும்ப லூசாகுது? எதுவோ அதிருதே" என்று தேடியிருப்பார். தெரியாததால் 100 மணி நேர ஆய்வில் அந்த ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கும். இந்த மாதிரி ரகசிய உதவிகள் எங்கே முளைக்கும் என்று யோசியுங்கள். எதையும் தொடாதே என்கிற இடத்தில்தான். தடை போட்டால் கை நிற்காது, பேனாதான் நிற்கும்.

செலவு? ஆகும். ஒரு பிளக் வேலையை மாணவரை வைத்துச் செய்தால் மெக்கானிக் தனியாகச் செய்வதைவிட ரெண்டு மடங்கு நேரம் பிடிக்கும். யாராவது ஒரு பிளக்கைக் கீழே போடுவார்கள், கீழே விழுந்த பிளக்கைத் திரும்ப மாட்டக் கூடாது, நேராகக் குப்பைக்குப் போகும், விமான பிளக் பைக் பிளக் விலையில் கிடைப்பதில்லை. 30 முதல் 35 அடி-பவுண்டு டார்க் வைக்க வேண்டிய இடத்தில் யாராவது ஜிம் பாடியைக் காட்டுவார்கள். அதற்குத்தான் டார்க் ரெஞ்ச்சும் பக்கத்தில் மெக்கானிக்கும். மெக்கானிக்குகளின் வேலை போய்விடும் என்று யாராவது சொன்னால் அதை நான் நம்பவில்லை. வருடாந்தர ஆய்வு, 100 மணி நேர ஆய்வு, நிஜமான ரிப்பேர் எதுவும் அவர்களை விட்டு நகரப் போவதில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே இந்த உரிமைக்குப் பெயரே 'பைலட்-ஓனர்'. 2,730 கிலோவுக்கு உட்பட்ட சின்ன விமானம், லைசென்ஸ் இருக்கணும், விமானத்தில் சொந்தமோ பங்கோ இருக்கணும். வாடகைக்கு ஓட்டும் மாணவருக்கு இடமே இல்லை. அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: ஸ்பெஷல் டூல், அளவு சரிபார்த்த டூல் தேவைப்படும் வேலைகளைப் பைலட்-ஓனர் தொடக் கூடாது, டார்க் ரெஞ்ச்சும் கிரிம்பிங் டூலும் மட்டும் விதிவிலக்கு. யாரோ ஹேங்கரில் நின்றவர்தான் இந்த வரியை எழுதியிருக்கணும். ஆனாலும் பயிற்சி மாணவருக்கு அங்கே பதில், "நீ சொந்தமா வாங்கிட்டு வா." நம்ம டி.ஜி.சி.ஏ.வின் கார்-எம் விதிகளும் ஐரோப்பிய பார்ட்-எம்மை ஒட்டி எழுதியவைதான். இங்கே ஃப்ளையிங் ஸ்கூல்களில் பராமரிப்பு ஏ.எம்.இ.யின் ராஜ்ஜியம், மாணவர் ஸ்பானர் பிடிப்பது என்கிற பேச்சே எழுவதில்லை.

நம்ம பேட்சிலேயே டிகிரி முடித்துவிட்டுப் பைலட் ட்ரெய்னிங்குக்கு அமெரிக்கா போகிற பிளானில் ரெண்டு மூணு பேர் இருக்கீங்க. ஸ்கூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், எத்தனை விமானம் இருக்கு, எத்தனை மாசத்தில் முடியும் என்று எல்லோரும் கேட்பதைக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: குறையைப் பார்த்தால் எங்கே எழுதணும், எழுதியதால் ஃப்ளைட் கேன்சல் ஆனால் என்னிடம் காசு பிடிப்பீங்களா, மெக்கானிக் எத்தனை மணி வரைக்கும் இருப்பார், ஆயில் மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று கை கொடுக்கலாமா. கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே "வேண்டாம்" என்றால் பரவாயில்லை, அவர்கள் வசதி. ரெண்டாவது கேள்விக்கு "ஆமா, பிடிப்போம்" என்றால் வேறு ஸ்கூல் பாருங்க.